சாமிக்கு விட்ட இடம்

நாப்பது நிமிஷம். பெயிண்டையும் ஹார்டனரையும் கலந்தாச்சுன்னா நாப்பதே நிமிஷம்தான், இந்தப் பங்குனி வெயிலுக்கு முப்பதுன்னே வச்சுக்க, அதுக்கு மேல டப்பாவுக்குள்ளயே கல்லாப் போயிடும், ரோலர் அதுலயே நட்டுக்கிட்டு நிக்கும். அதனால வேற எதையும் நெனைக்காத கலிவரதா, கையைப் பாரு. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, விளிம்புல ஒட்டின பேப்பர் டேப்பைத் தாண்டாம. முட்டியைத் தூக்கி ஒரு அடி தள்ளி வை. பாய்ப்படகோட டெக்கு என்ன பெரிய மைதானமா, முப்பது அடி, மத்த நாளுன்னா டீக்கு முன்னால பாதி, டீக்குப் பின்னால பாதின்னு முடிச்சுட்டு எறங்கியிருப்பேன். இன்னைக்கு முடியவே மாட்டேங்குது. தண்ணியிலேந்து தூக்கி தேங்காத்திட்டு படகு யார்டு மண்ணுல இரும்பு முட்டு குடுத்து நிறுத்தி வச்சிருக்கு, ஒரு ஆட்டம் இல்ல அசைவு இல்ல. நாளைக்குக் காலையில துறைமுக ஆபீசர் வருவாரு. டெக்குல ஏறி நடந்து பாத்து, வழுக்கலன்னு தெரிஞ்சு, கையெழுத்துப் போட்டாத்தான் மறுபடி டூரிஸ்டை ஏத்தலாம். முசே நேத்து சாயங்காலம் கீழ நின்னபடியே சொல்லிட்டுப் போனாரு. படகு அவரோடதுதான், சவரிநாதன், பிரான்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு, அதனால ஊர்ல எல்லாருக்கும் முசே, பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம். "கலி, ஒரு எடம் விடாம மணல் போடு. அணியத்துப் பக்கம் நல்லா போடு." அணியம்னா படகோட மூக்கு, முன்தலை. அதென்ன அணியத்துப் பக்கம் நல்லா? எல்லாப் பக்கமும் நல்லாத்தானே போடணும்? தெரிஞ்சு சொன்னாரா, தெரியாம சொன்னாரா? நல்லாங்கறதுக்கு முன்னால கொஞ்சம் நிறுத்தினாரே. இல்ல, அது இருமல். அவருக்கு இருமல் உண்டு. இருமலா நிறுத்தமா, இருமலா நிறுத்தமான்னு நேத்துலேந்து இதையே போட்டு ஒழப்பிக்கிட்டிருக்கேன். விடு. கையைப் பாரு.

மணல் தூவணும் இப்ப, ஈரம் காயறதுக்குள்ள, அப்பத்தான் காலு வழுக்காது. முகத்துக்குப் போடுற பவுடர் டப்பாதான், பெரிய சைஸு, ஓட்டையைக் கொஞ்சம் ஆணியால குத்திப் பெருசாக்கி வச்சிருக்கேன். ஆத்து மணலை மூணு தண்ணி விட்டுக் கழுவி, காய வச்சு, டீ வடிகட்டியில சலிச்சு நெரப்பினது. கடற்கரை மணலை அள்ளிப் போடுறவன்லாம் இருக்கானுங்க, உப்பு உள்ளேந்து பெயிண்டைப் பொக்குளம் பொக்குளமா தூக்கிடும், நான் அந்த வேலையெல்லாம் பாக்க மாட்டேன். நான் வேலையில சுத்தம். ஆமா, ரொம்ப சுத்தம். த்தூ. வெக்கமா இல்ல உனக்கு, இந்த வாயால சுத்தம்னு சொல்லிக்க? கையை உசரத் தூக்கித் தூவு, கிட்ட வச்சுத் தூவினா திட்டுத் திட்டா நிக்கும். சர்ருனு விழுது. இந்தச் சத்தம் மாப்ளைக்குப் பிடிக்கும். தேசிங்கு, என் தங்கச்சி அஞ்சலாட்சி புருஷன். எப்பவும் அவன்தான் தூவுவான், நான் ரோலரு, அவன் டப்பா; படகு ஓட்டுறப்ப நான் சுக்கான், அவன் பாயி. "மச்சான், கோலம் போடுற கை எனக்கு"ம்பான். அந்தக் கை இப்ப பெரியாஸ்பத்திரியில பெட்டு மேல, ஊசி குத்தி டேப்பு ஒட்டி, வச்ச எடத்துல வச்சபடி கெடக்குது. விழுந்து ஒம்போது நாளு. கண்ணு தொறக்கல. ஐசியூவுலேந்து வார்டுக்கு மாத்தியாச்சு, மூச்சு அவனேதான் விடுறான், ஆனா ஆளு இல்ல. டாக்டரம்மா சொல்லிச்சு, பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டே இருங்க, தெரிஞ்ச கொரலு காதுல விழுந்துக்கிட்டே இருந்தா நல்லது, முக்கியமா சம்சாரம் பேசட்டும்னு. அஞ்சலை பேச மாட்டேங்கறா. வாசல்ல நடையில ஒக்காந்திருக்கா, உள்ள காலெடுத்து வைக்க மாட்டேங்கறா. ஏன் பேச மாட்டேங்கறான்னு எனக்குத் தெரியும். அதை மாத்துறதுக்கு நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதுவும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு இங்க ஒக்காந்து மணல் தூவிக்கிட்டிருக்கேன்.

போன் அடிக்குது. சட்டைப் பையில நெஞ்சு மேல கெடந்து துடிக்குது. கை பூரா பெயிண்டு, எப்படி எடுக்கிறது? அஞ்சலையாத்தான் இருக்கும். எடுக்கலன்னா என்ன, அப்புறம் பேசிக்கலாம். முடிஞ்சு போச்சுன்னு சொல்லப் போறாளா? ஐயோ, அப்படின்னா எடுக்கணுமே. அப்படின்னா எடுக்கவே கூடாது. நின்னுடுச்சு. செத்தவன் சேதின்னா ஒரு தடவையோட விட மாட்டாங்க, மறுபடி மறுபடி அடிப்பாங்க. நின்னுடுச்சு, அப்ப அது இல்ல. மறுபடி அடிக்கல. அப்பாடா. அட, இது ஒரு அப்பாடாவா?

"யோவ் கலி! எந்தப் பக்கமாய்யா எறங்கப் போற?" கீழேந்து பாவாடை, யார்டு வாச்மேன். எப்பவும் எவனையாவது சீண்டிக்கிட்டே இருக்கணும் அந்தாளுக்கு. எந்தப் பக்கமா எறங்குவாங்க, ஏணி பின்பக்கம், பின்பக்கமாத்தான்னு சொல்ல வாயைத் தொறந்து திரும்பிப் பாத்தா, ஈரம். எனக்குப் பின்னால ஏணி வரைக்கும் ஒரே ஈரம், பளபளன்னு, மேல மணலு. அட கடவுளே. அணியத்துல ஆரம்பிச்சு ஏணியைப் பாக்கப் பின்னாலயே வரணும், இது சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். இருபத்திரெண்டு வருஷமா பெயிண்டு அடிக்கிறவன், ஏணிக்குப் பக்கத்துலேந்து ஆரம்பிச்சு முன்னால வந்திருக்கேன். நானே என்னை அணியத்துக்குள்ள வச்சுப் பூசிக்கிட்டேன். பாவாடை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு, "வாத்தியாரே, ராவைக்கு அங்கயே பாய் போட்டுப் படுத்துக்க, சோறு வேணா தூக்கிப் போடுறேன்!" சிரிங்க, நல்லா சிரிங்க. ஏன் பின்னாலேந்து ஆரம்பிச்சேன்னு எனக்குத் தெரியாதா என்ன. காலையில ஏணி ஏறினப்ப அணியம் பக்கம் கண்ணைக் கொண்டு போக முடியல. நேத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறப்பவும் அந்த எடத்தை மட்டும் விட்டேன், நாளைக்குத் தேச்சுக்கலாம்னு. தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு, இப்ப அதுக்கு மேலயே வந்து முட்டி போட்டு ஒக்காந்திருக்கேன். இதோ இருக்கு. ஒரு தலைவாழை எல அகலம். கையை வச்சா வழவழன்னு கைக்கு அடியில ஓடுது.

சொல்லிப் பாரு, உனக்குள்ளயாவது ஒழுங்காச் சொல்லிப் பாரு. முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு அணியத்துல படையல் வச்சோம். சந்தனம், குங்குமம், பூசணிக்கா, எல்லாம்தான். மணல் போட்ட தரையில குங்குமம் பூந்துடுச்சு, பொடிப் பொடியா உள்ள போயி ஒக்காந்துக்கிட்டு எத்தனை தேச்சும் போகல, மழைத் தண்ணி பட்டா செவப்பா ஒழுகுது. டூரிஸ்டு ஒரு அம்மா ரத்தமான்னு கேட்டுச்சு. முசே வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, நம்ம பூஜைக்கு ஒருநாளும் தடை சொன்னதில்ல, அன்னைக்கு மட்டும் கத்திட்டாரு, "உங்க சாமிக்குத் தனியா ஒரு எடம் ஒதுக்கிக்கங்கய்யா, என் டெக்கை நாசம் பண்ணாதீங்க!" கோவத்துல சொன்ன பேச்சு. நான் அதை அப்படியே எடுத்துக்கிட்டேன். போன புரட்டாசியில டெக்குக்குப் பெயிண்டு அடிச்சப்ப சுத்தி டேப்பு ஒட்டி, இந்த எடத்துல மட்டும் மணல் தூவல. பளிங்கு மாதிரி பாலீஷு. வெள்ளையோட வெள்ளை, எட்ட நின்னு பாத்தா ஒருத்தனுக்கும் தெரியாது. கெத்தா இருந்துச்சு எனக்கு. சாமிக்குன்னு எடம் விட்ட முத ஆளு நான்தான்னு நெனப்பு. மாப்ளைதான் பாத்துட்டுக் கேட்டான், "வழுக்குமே மச்சான்?" நான் என்ன சொன்னேன்? "சாமி இருக்கிற எடத்துல எவன்டா காலை வைப்பான்?" அவனும் ஆமால்லன்னுட்டான். அதுலேந்து அவன் அந்த எடத்தை மிதிச்சதே இல்ல. முன்னால போறப்பல்லாம் ஒரு தாண்டு தாண்டித்தான் போவான், அவசரத்துலயும் ஒரு தாண்டு, கையில கயிறு இருந்தாலும் ஒரு தாண்டு. டூரிஸ்டுங்க என்ன இது டான்சான்னு கேப்பாங்க, சிரிப்பான். அஞ்சு மாசம் தாண்டினான் என் பேச்சைக் கேட்டு.

அன்னைக்கு ஏன் தாண்டல? நான் தாண்ட விடல. பெங்களூர்காரனுங்க மூணு பேரு, மத்தியானச் சவாரி, முகத்துவாரத்தைத் தாண்டி வெளிய வந்தாச்சு, அது வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. திடீர்னு காத்து ஒரு அறை அறைஞ்சுது. முன்பாயி படபடன்னு அடிச்சுக்குது, கயிறு எங்கயோ மாட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குது. நான் சுக்கான் பிடிச்சிருக்கேன், விட முடியாது. கத்தினேன், "ஓட்றா மாப்ள, ஓடு ஓடு!" பாத்துன்னு ஒரு வார்த்தை. பாத்துப் போன்னு ஒரு வார்த்தை என் வாயில வரல. ஓடினான். வெறுங்காலு, டெக்கு பூரா தண்ணி. தாண்ட நேரமில்ல, வலது காலு நேரா அது மேலயே விழுந்துச்சு, நான் பாத்தேன், அந்தக் காலு போன போக்கைப் பாத்தேன், ஐயோ, நங்கூரக் கயிறு கட்டுற இரும்புக் கட்டையில பின்மண்டை பட்ட சத்தம். தேங்கா ஒடைக்கிற சத்தம். இப்பவும் கேக்குது, ரோலரைப் பெயிண்டுத் தட்டு விளிம்புல தட்டுறேன், அதே சத்தம். தட்டாத. தட்டாம வழிச்சு எடு. பெங்களூர்காரன் ஒருத்தன் பதறிப் போயி பையிலேந்து பிராந்தி பாட்டிலை எடுத்துக் காயத்துல மடமடன்னு ஊத்தினான், கிருமி செத்துடுமாம். சட்டை, முடி, எல்லாம் பிராந்தி. துறைக்கு வந்து தூக்கி எறக்கறப்ப முசே குனிஞ்சு பாத்தாரு, மூக்கைச் சுளிச்சாரு, என்னைக் கேட்டாரு, "குடிச்சிருந்தானா?"

குடிச்சிருந்தானா. இல்ல முசேன்னு ரெண்டே வார்த்தை. அதுக்கு அடுத்த கேள்வி என்னவா இருக்கும், அப்பறம் எப்படி வழுக்கிச்சுன்னுதானே? அது எனக்குத் தெரிஞ்சு போச்சு, கண்ணு இமைக்கிறதுக்குள்ள தெரிஞ்சு போச்சு, பாவி மூளை எவ்வளவு சுருக்கா வேலை செய்யுது பாரு. நான் தலையைக் குனிஞ்சேன். அவ்வளவுதான் செஞ்சேன். ஆமான்னு சொல்லல. சத்தியமா ஆமான்னு சொல்லல. ஒம்போது நாளா இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறேன், ஆமான்னு சொல்லல, ஆமான்னு சொல்லலன்னு. ஆனா நான் குனிஞ்சதே ஆமாதான், எவனுக்குத் தெரியாது? முசே ஆஸ்பத்திரியில சொன்னாரு, அது துறை பூரா பரவுச்சு, துறையிலேந்து தெருவுக்குப் போச்சு, தெரு அஞ்சலை காதுல கொண்டு போயிப் போட்டுச்சு. பிராந்தி ஊத்தினவனுங்க அன்னைக்கே பெங்களூருக்கு வண்டி ஏறிட்டானுங்க. தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். மொத நாளே சொல்லியிருந்தா அஞ்சலை ஒரு அறை அறைஞ்சிருப்பா, வாங்கிக்கிட்டு அவ கூடவே ஒக்காந்து அழுதிருப்பேன். ரெண்டாம் நாளு, மூணாம் நாளு, ஒவ்வொரு நாளும் வாசல் வரைக்கும் போறேன், டீ வாங்கிக் குடுக்கிறேன், இட்லி வாங்கிக் குடுக்கிறேன், சொல்லாம வரேன். நாலாம் நாளுக்கு மேல தப்பு ரெண்டாயிடுச்சு. எடம் விட்டது ஒண்ணு, சொல்லாதது ஒண்ணு. இப்ப சொன்னா இத்தனை நாளு ஏன் சொல்லலன்னு கேப்பா, அதுக்கு என்ன பதில் இருக்கு எங்கிட்ட?

போன மாசிக்கு முந்தின மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில சாமியெல்லாம் வந்து எறங்கியிருக்கு, அவ்வளவு கூட்டத்துல தேசிங்கு பொண்ணு தலையில கை வச்சான். குணவதி, பன்னெண்டு வயசு, ஒத்தப் பொண்ணு. இனிமே குடிச்சா இந்தப் புள்ள எனக்கு இல்லன்னான். அஞ்சலை அவன் வாயைப் பொத்தினா, அப்படியெல்லாம் சொல்லாதய்யான்னு. பதிமூணு மாசம் ஒரு சொட்டு தொடல. பொங்கலுக்கு நான் ஊத்தி நீட்டினேன், நானே, "ஒரு வாய்தாண்டா, ஒண்ணும் ஆவாது"ன்னு, தள்ளிவிட்டுட்டு எழுந்து போயிட்டான். அந்த ஆளு குடிச்சுட்டு விழுந்தான்னு ஊரே சொல்லுது. அவன் விழுந்த மூணாம் நாளு புள்ளைக்குக் காய்ச்சல் கண்டுச்சு. சாதாரணக் காய்ச்சல்தான், தெருவுல நாலு புள்ளைக்கு இருக்கு, ஆனா அஞ்சலைக்கு அது காய்ச்சலா? சத்தியம் பலிக்குது. மொளகா சுத்திப் போட்டா, மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சா, கன்னம் ஒட்டிப் போச்சு அவளுக்கு. முந்தாநாளு நடையில என் தோள்ல சாஞ்சுக்கிட்டுக் கேட்டா, "ண்ணா, அவன் போனா சத்தியமும் அவனோட போயிடுமா? எம்பொண்ணு பொழைச்சுக்குமா?" புருஷன் சாவட்டுமான்னு எங்கிட்டக் கேக்குறா. நான் அவ தலையைத் தடவிக் குடுத்தேன். வேற ஒண்ணும் செய்யல. மனுஷனா நீ? இப்படியும் ஒருத்தன் இருப்பானா?

இருக்கான், இதோ ஒக்காந்திருக்கான். தட்டுல இன்னும் ரெண்டு கை பெயிண்டு கெடக்கு, லேசா கெட்டியாக ஆரம்பிச்சிடுச்சு, இழுத்தா நூலு வருது. இந்த ஒரு எடம்தான் பாக்கி. ஒரு எல அகலம். நாலு இழுப்பு, மேல ஒரு கை மணலு, முடிஞ்சுது. ஆபீசர் நடந்து பாப்பாரு, சொரசொரன்னு இருக்கும், கையெழுத்துப் போடுவாரு. அப்பறம் இப்படி ஒரு எடம் இருந்துச்சுன்னு ஒலகத்துல எவனுக்கும் தெரியாது. தேசிங்கு குடிச்சுட்டு விழுந்தான், அவ்வளவுதான், கல்லுல எழுதின மாதிரி. ஏன், எனக்கே நாலு வருஷம் போனா மறந்து கூடப் போயிடும். மறக்கணும்னுதானே முசே சொன்னாரு, அணியத்துப் பக்கம் நல்லா போடு. இல்ல, அவருக்குத் தெரியாது. தெரியும். எழவு, அவருக்குத் தெரிஞ்சா என்ன தெரியலன்னா என்ன, எனக்குத் தெரியுமே! போடு. ரோலரை முக்கு. முக்கிட்டேன். சொட்டு சொட்டா வழியுது. கை எறங்க மாட்டேங்குது. எறங்கு, எறங்கு சனியனே. அவன் காலு பட்ட எடம். பூசினா அவன் காலையும் சேத்துப் பூசுற மாதிரி இருக்கு. அதுக்குள்ள நெஞ்சு மேல மறுபடி துடிக்குது.

இந்தத் தடவை எடுத்துட்டேன். பெயிண்டு கையோட எடுத்துட்டேன், போன் கண்ணாடி பூரா வெள்ளை.

"ண்ணா. எங்க இருக்க?"

"யார்டுல. பெயிண்டு அடிச்சுக்கிட்டு இருக்கேன்மா."

"அடி அடி. படகு நல்லா இருக்கட்டும்." அழுத கொரலு இல்ல, வத்திப் போன கொரலு. "பாப்பாவுக்கு மறுபடி ஒடம்பு கொதிக்குதாம், பக்கத்து வூட்டு அக்கா போன் பண்ணிச்சு. நான் வூட்டுக்குப் போறேன். நீ வந்து இந்தாளைப் பாத்துக்க. நான் இனிமே வர மாட்டேன்."

"அப்படிச் சொல்லாத அஞ்சலை."

"வேற எப்படிச் சொல்லச் சொல்ற? பெத்த புள்ள தலையில கை வச்சுட்டுப் போயி ஊத்திக்கிட்டான். எந்திரிச்சா எந்திரிக்கட்டும், இல்லன்னா போவட்டும். எனக்கு எம்பொண்ணு வேணும்ணா. நான் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன். நெருப்பு வைக்கக் கூட வர மாட்டேன்."

"மாப்ள குடிக்கல."

"ஆறுதல் சொல்றியா? வேணாம்."

"குடிக்கல அஞ்சலை. ஒரு சொட்டு குடிக்கல." என் கொரலு எனக்கே பயமா இருக்கு, கத்துறேன் போல, யார்டு பூரா கேக்கும், கேக்கட்டும். "பிராந்தி டூரிஸ்டு ஊத்தினது, காயத்துல ஊத்தினது. அவன் வழுக்கி விழுந்தான். நான் விட்ட எடத்துல வழுக்கி விழுந்தான். சாமிக்குன்னு மணல் போடாம ஒரு எடம் விட்டேனே, படையல் எடம், அதுல. அஞ்சு மாசமா தாண்டித் தாண்டிப் போனான். நான்தான் அன்னைக்கு ஓடு ஓடுன்னு கத்தினேன். முசே குடிச்சானான்னு கேட்டாரு, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சத்தியத்துக்கு ஒண்ணும் ஆவல. பாப்பாவுக்கு வெறும் காய்ச்சல்தான். அவன் சத்தியத்தைக் காப்பாத்திட்டுத்தான் விழுந்தான். நான்தான். எல்லாம் நான்தான்."

 

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எனக்கு இட்லி வாங்கிக் குடுத்தியே, அப்பத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நான் உன் தோள்ல சாஞ்சுக்கிட்டு அவன் போவட்டுமான்னு கேட்டேனே."

திட்டு. நாசமாப் போன்னு சொல்லு, என் வாசப்படி மிதிக்காதன்னு சொல்லு, மண்ணை வாரித் தூத்து, ஒம்போது நாளா அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன். அவ திட்டல. போனைக் கட்டும் பண்ணல. கையில இருக்கிறதையே மறந்துட்டா போல, சேலையில ஒரசுற சத்தம் கேக்குது, செருப்புச் சத்தம், வேகமா. கதவு கீச்சுங்குது. "செருப்பை வெளிய விடும்மா"ன்னு ஒரு பொம்பளைக் கொரலு அதட்டுது. காத்தாடி ஓடுற சத்தம், ஏதோ மெஷின் டிக்கு டிக்குங்குது. ஸ்டூலை இழுக்குறா.

கீழ பாவாடை நிக்கிறாரு. வேற ஏணி ஒண்ணைத் தூக்கிட்டு வந்து அணியத்துல சாத்திப் பிடிச்சுக்கிட்டு, எல்லாத்தையும் கேட்டுட்டு, சிரிப்பெல்லாம் போயி நிக்கிறாரு. எறங்குன்னு கையைக் காட்டுறாரு. நான் இருங்கன்னு கையைக் காட்டுறேன். ரோலரு தட்டுலயே கெடக்கு, தூக்கிப் பாத்தா தட்டும் சேந்து வருது, இறுகிப் போச்சு. போவட்டும். இந்த எடத்துக்குப் பெயிண்டு இல்ல இனிமே. ஆபீசர் வரட்டும், காலை வச்சுப் பாக்கட்டும், யாரு விட்டதுன்னு கேக்கட்டும், தலை குனியாம சொல்றேன். முசேவும் பக்கத்துலயே நிக்கட்டும். அது மேலயே சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிட்டேன். வழவழன்னு, வெயில்ல சுட்டுக்கிட்டு இருக்கு. போனைக் காதுல வச்சு அழுத்திக்கிட்டேன், பெயிண்டு காதுல ஒட்டுது.

"யோவ்," ங்கறா அஞ்சலை. எங்கிட்ட இல்ல. "யோவ், நான்தான்யா. கேக்குதா? நான்தான். ஒம்போது நாளா வாசல்லயே ஒக்காந்திருந்தேன்யா. உன் மேல கோவமா இருந்தேன்." மூக்கை உறிஞ்சுறா. மெஷினு டிக்கு டிக்குங்குது. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, காய்ச்சல்தான், சரியாப் போயிடும். நீ பயப்படாத. நீ ஒண்ணும் பண்ணல. கேக்குதா? நீ ஒண்ணும் பண்ணல." பெட்டு கம்பி கடகடங்குது, போர்வையை வெலக்குறா போல. "ஐயோ, காலு ஏன்யா இப்படி சில்லுனு கெடக்கு? இத்தனை நாளு யாருமே பாக்கலயா? இரு. இருய்யா, தேச்சு விடறேன்."